கயாக்கைப் பிடித்துக்கொள்ளலாம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டி டிரையத்லான். அதன் விதிமுறைகளில் ஒரு வரி உண்டு. நீந்துகிறவர் களைத்துப்போனால் மிதவையையோ, காவலுக்கு நிற்கும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. இந்த வரி கண்ணில் பட்ட அன்றுதான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அதற்கு முன்பு விண்ணப்பத்தைப் பாதி நிரப்புவதும், 'அவசரத் தொடர்பு எண்' என்ற கட்டம் வந்ததும் மூடிவைப்பதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டத்தைப் பற்றியோ சைக்கிளைப் பற்றியோ எனக்குப் பயம் இல்லை. இரண்டிலும் நான் பெரிய ஆள் என்பதால் அல்ல. மூச்சு முட்டினால் நடக்கலாம், கால் ஓய்ந்தால் சைக்கிளை ஓரங்கட்டலாம் என்ற தைரியம்தான். தண்ணீரில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

மூன்றில் நீச்சல் முதலில் வருவதற்கும் இதுதான் முக்கியமான காரணம். ஓடிக் களைத்த உடம்போடு கடைசியில் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். ஆரம்பத்தில் அப்படி இல்லை என்பது வேடிக்கை. 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோவில், மிஷன் பே என்ற இடத்தில், ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷனஹன் என்ற இருவர் டிரையத்லான் என்ற பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். 46 பேர் வந்தார்கள். முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், அதற்குப் பிறகு வெறுங்கால் ஓட்டமும் நீச்சலும் மாறி மாறி. அது ஒரு புதன்கிழமை மாலை. பின்தங்கியவர்கள் தண்ணீரில் இருக்கும்போதே இருட்டிவிட்டதால் கார் முகப்பு விளக்குகளைப் போட்டு வழிகாட்ட வேண்டியிருந்ததாம். அந்தப் பின்தங்கிய கூட்டத்தில் நான் இருந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிரையத்லான் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: "அந்த அயர்ன்மேன்தானே?" இல்லை. அயர்ன்மேன் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அது 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில் பிறந்தது. அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒட்டவைத்தால் என்ன என்று கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் நினைத்ததன் விளைவு. 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்த நண்பர்கள் பீரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். மனிதர்கள் இப்படியும் இருந்திருக்கிறார்கள் என்று படித்து மகிழலாம், அவ்வளவுதான்.

நான் பெயர் கொடுத்தது ஸ்பிரிண்ட் பிரிவுக்கு: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக்கில் நடப்பதில் சரியாகப் பாதி. ஸ்பிரிண்ட் என்ற பெயரை யார் வைத்தார்களோ, என் வேகத்தைப் பார்த்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்கள்.

பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. எல்லோரும் எழுதுவதுதான். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீச்சல் குளத்தில் 750 மீட்டர் போவது ஏரியில் 750 மீட்டர் போவதற்குச் சமம் இல்லை. 25 மீட்டர் குளம் என்றால் ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்து நாலைந்து மீட்டர் சும்மா வழுக்கிப் போகிறோம், அந்த நேரத்தில் கைக்கு ஓய்வு. அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. ஏரியில் சுவரும் இல்லை, கோடும் இல்லை, சில இடத்தில் சொந்தக் கையே தெரிவதில்லை. சில வீச்சுகளுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவந்து மிதவை எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீச்சல்காரர்கள் இதை முதலைக் கண் என்பார்கள். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும், அப்புறம் நீந்துவது மேட்டில் ஏறுகிற கதைதான்.

இன்னொன்று பிரிக். சைக்கிள் ஓட்டி இறங்கிய கையோடு ஓடிப் பார்க்கும் பயிற்சிக்கு அந்தப் பெயர். முதன்முதலாகச் செய்தபோது தொடை எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. சைக்கிளில் உடம்பின் எடையை இருக்கை சுமக்கிறது, இடுப்பு மடங்கியே இருக்கிறது, கால் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது. இறங்கியதும் அதே காலிடம் எடையைத் தாங்கு, இடுப்பை நிமிர்த்து, ஒவ்வொரு அடிக்கும் அதிர்ச்சியை வாங்கு என்கிறோம். அது கொஞ்ச நேரம் பழைய உத்தரவையே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. சில நூறு மீட்டரில் சரியாகிவிடும் என்று தெரிந்துகொள்வதற்காகவே அந்தப் பயிற்சி என்று நினைக்கிறேன்.

போட்டிக்கு முந்தின நாள் விளக்கக் கூட்டம். பலருக்கு இது கொட்டாவி விடும் நேரம். எனக்கு விதிமுறைகள் பிடிக்கும். சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே ஹெல்மெட்டின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைச் சட்டத்தில் மாட்டிய பிறகுதான் அவிழ்க்கலாம். உடை மாற்றும் பகுதிக்குள் சைக்கிளை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். போட்டி எண் சைக்கிளில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், ஓட்டத்தில் முன்பக்கம். இதற்காகவே இடுப்பில் சுழற்றிக்கொள்ளும் ஒரு பெல்ட் விற்கிறார்கள். காதில் பாட்டு கூடாது. நிர்வாணம் கூடாது. ஹெல்மெட்டோடு ஓடக் கூடாது. கடைசி இரண்டையும் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். யாரோ எங்கோ செய்யாமலா விதிப்புத்தகத்தில் ஏறியிருக்கும்?

கூட்டத்தில் நானே கையைத் தூக்கி, கயாக்கைப் பிடித்தால் நேரம் கழிப்பார்களா, தண்டனை உண்டா என்று கேட்டேன். "ஒண்ணும் கிடையாது. கையைத் தூக்கி ஆட்டுங்க, பக்கத்துல வந்துருவாங்க" என்றார் நடுவர். எனக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் மூச்சுவிட்டது கேட்டது.

போட்டி நாள் விடியற்காலை, டிரான்ஸிஷன். உடுப்பையும் வண்டியையும் மாற்றும் அந்த இடத்தைத்தான் நான்காவது விளையாட்டு என்கிறார்கள். நீண்ட கம்பிச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் தொங்கின. என் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, துண்டை விரித்து, பொருள்களை அடுக்கினேன். பக்கத்து இடத்துக்கு வந்தவர் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். என் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல் தடவையாம்மா?"

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"மூணு தண்ணி பாட்டில், ரெண்டு துண்டு, மாத்துத் துணி, சீப்பு. இங்க குடித்தனமா பண்ணப் போறோம்?"

சீப்பை எடுத்துப் பைக்குள் போட்டேன். அக்காவின் ஏற்பாடு ஒரு சின்னத் துண்டில் அடங்கியது. ஹெல்மெட் தலைகீழாகக் கைப்பிடி மேல், அதற்குள் கண்ணாடி. ஷூவுக்குள் பவுடர் தூவியிருந்தார், ஈரக்கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக. நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது சட்டம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "தண்ணியிலேர்ந்து வரும்போது எல்லாச் சட்டமும் ஒரே மாதிரிதான் இருக்கும். உன் சைக்கிள் நிறம்கூட ஞாபகம் வராது." பிறகு திரும்பி நின்று கெண்டைக்காலைக் காட்டினார். அங்கே மார்க்கரில் அவர் வயதை எழுதியிருந்தார்கள்: 61. "இத நல்லா பாத்துக்கோ. ஓட்டத்துல பாப்ப."

தண்ணீர் குளிரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பதறியதற்குக் குளிரைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை. நீர் வெப்பநிலை 22 பாகையைத் தாண்டியிருந்ததால் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடையை அணிய அனுமதி இல்லை. எங்களைப் போன்ற வயதுப் பிரிவினருக்கு இந்தத் தூரத்தில் அதுதான் வரம்பு. வெட்சூட் உடம்பை மிதக்க வைக்கும் என்பதால் நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். ஒரே நிறத் தொப்பி போட்ட கூட்டம் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கியது. அக்கா சொன்னபடி என் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில், ஓரமாக நின்றேன்.

ஊதல் அடித்தது. முதல் 50 மீட்டர் ஒழுங்காகத்தான் போனேன். பிறகு யாரோ ஒருவருடைய கால் என் தோளில் பட்டது. அடுத்து ஒரு கை என் முதுகில். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அத்தனை பேர் ஒரே மிதவையை நோக்கிப் போகும்போது நடப்பதுதான். மூச்சு எடுக்க முகத்தைத் திருப்பினேன், வாய்க்குள் தண்ணீர். அடுத்த மூச்சும் தண்ணீர். அதற்கப்புறம் நீந்துவதை விட்டுவிட்டு மிதிக்கத் தொடங்கினேன். இதயம் காதுக்குள் அடித்தது. ஆழம் எவ்வளவு என்ற கேள்வி அதுவரை வரவே இல்லை, அப்போது வந்தது.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது புரிந்த விஷயம் இது. காற்று கிடைக்கவில்லை என்று உடம்பு கூப்பாடு போடுவது பெரும்பாலும் பிராணவாயு குறைந்ததால் அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு ஏறியதால். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தண்ணீருக்குள் வெளியே விடுவதில்லை, முகத்தைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறோம். பழைய காற்று நிறைந்து கிடக்கும் நுரையீரலில் புதுக்காற்றுக்கு எங்கே இடம்? குளத்தில் இதையெல்லாம் யோசிக்காமலே சரியாகச் செய்தவள்தான். பக்கத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மல்லாந்து படுத்தேன். கையைத் தூக்கினேன். கயாக் வந்தது. துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஒரு பையன், கல்லூரியில் படிப்பவன் போல.

"முன் நுனியைப் பிடிச்சுக்கங்க. நான் நகர மாட்டேன்." சற்றுப் பொறுத்து, "மூச்சை வெளிய விடுங்க. இழுக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

இத்தனை மாதத்தில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக நீச்சல் சொல்லித்தரவில்லை. விட்டேன். தானாகவே உள்ளே வந்தது. மறுபடி விட்டேன். கயாக்கின் அந்தப் பக்கத்தில் இன்னொரு கை தெரிந்தது. எட்டிப் பார்த்தால் ஆஜானுபாகுவான ஒரு மனிதர், நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நிதானமாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் முதல் தடவையா சார்?"

"இல்லீங்க, இது எனக்கு நாலாவது. எப்பவும் இந்த இடத்துல ஒரு தடவை நிப்பேன்."

அவர் முதலில் கிளம்பினார். கொஞ்ச நேரம் கழித்து நானும். முதல் மிதவை வரை தவளை நீச்சல். எந்த வகையில் நீந்தினாலும் விதி தடுப்பதில்லை, முதுகு நீச்சல்கூடச் செல்லும். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கூட்டம் கலைந்திருந்தது. அதற்குப் பிறகு ஃப்ரீஸ்டைல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கடைசி நூறு மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக உதைத்தேன். அவ்வளவு நேரம் படுத்த நிலையில் கையால் உழைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றால் தலை சுற்றும், காலுக்கு இரத்தம் ஓட்டிக்கொள்வது நல்லது என்று படித்திருந்தேன். அப்படியும் சுற்றியது. கரையில் ஒரு தன்னார்வலர் முழங்கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

ஐந்தாவது சட்டம். என் துண்டு. விரல் நடுங்கியதில் ஹெல்மெட் வார் லேசில் பூட்டவில்லை. பக்கத்தில் அக்காவின் சைக்கிளைக் காணோம், அவர் எப்போதோ போயிருந்தார்.

சைக்கிள் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது நன்றாக நடந்தது. தனிமையாக இருந்தது என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பிரிவில் டிராஃப்டிங் தடை. முன்னே போகிறவரின் காற்று மறைப்பில் ஒளிந்து சக்தியை மிச்சப்படுத்தக் கூடாது என்பதற்காக 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும். முந்துவதானால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். உயர்நிலை வீரர்களுக்கு 1995 முதல் இந்தத் தடை இல்லை, அதனால்தான் ஒலிம்பிக்கில் கொத்துக் கொத்தாகப் போவதைப் பார்க்கிறோம். எங்களுக்கு ஆளுக்கொரு காலிச் சாலை. குடிக்க வேண்டியதை இங்கேயே குடித்துக்கொண்டேன், ஓடும்போது என் வயிறு எதையும் ஏற்காது.

பாதித் தூரத்தில் பின்னாலிருந்து ஒரு சக்கரச் சத்தம். "இடது பக்கம் ஒதுங்குங்க!" என்று ஒரு குரல். கயாக் மனிதர்தான். கரையேறிய பிறகு எங்கே நின்றாரோ, இப்போது என்னைக் கடந்து ஒரு நிமிடத்தில் வளைவில் மறைந்தார். தண்ணீரில் என்னோடு தொங்கிக்கொண்டிருந்தவரா இவர்? மூன்றையும் கோத்ததில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டப் பந்தயத்தில் தொடங்கிய பத்து நிமிடத்தில் யார் யாருக்கு முன்னால் என்று முடிவாகிவிடும். இங்கே ஒவ்வொருவருக்கும் பலவீனம் வேறு வேறு நேரத்தில் வருகிறது, வரிசை மூன்று முறை கலைகிறது.

இறங்குவதற்கு முந்தின கிலோமீட்டரில் லேசான கியருக்கு மாறிக் காலை வேகமாகச் சுழற்றினேன். சைக்கிளை மாட்டினேன், பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினேன், எண்ணை முன்பக்கம் திருப்பினேன். ஷூ நாடாவைக் கட்டுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பக்கத்துச் சட்டத்தில் மூன்று பேர் வந்து, மாற்றி, போய்விட்டார்கள்.

ஓட்டம். தவழ்வது போல இருந்தது. அடி எடுத்து வைக்கிறேன், மரங்கள் நகரவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் நான் வழக்கமாக ஓடுவதைவிட வேகம்! பெடலைச் சுழற்றிய வேகம் காலில் மிச்சம் இருப்பதால் பலருக்கும் இப்படி ஆகிறது என்கிறார்கள். மனசு மெதுவாகப் போகிறோம் என்கிறது, கடிகாரம் இல்லை என்கிறது. நான் கடிகாரத்தை நம்பினேன், வேகத்தைக் குறைத்தேன். குறைத்த பிறகு இன்னும் கேவலமாக இருந்தது, ஆனால் மூச்சு அடங்கியது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். டிரையத்லானை உலகம் அறிந்தது ஒரு தவழலால். 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, தன் ஆய்வுக்காகக் கலந்துகொண்டவர், முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் கால்கள் கைவிட்டன. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். ஜூலி கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து 29 விநாடி பின்னால் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் பல்லாயிரம் பேர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். அவருடைய உறுதியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் காட்சியைக் காட்டியே இந்த விளையாட்டை விற்பது எனக்கு ஒப்பவில்லை. தவழ்கிறவர் பக்கம் கேமரா திரும்புகிறது. சரியான இடத்தில் வேகத்தைக் குறைத்தவரையும், நின்று தண்ணீர் குடித்தவரையும், கயாக்கைப் பிடித்தவரையும் யார் படம் எடுக்கிறார்கள்? என்னைப் போன்றவர்களைப் பல காலம் வாசலிலேயே நிறுத்திவைத்தது அந்தப் படம்தான். இன்னொன்று, அயர்ன்மேன் விதிகளில் ஓடலாம், நடக்கலாம், தவழவும் செய்யலாம். உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளிலோ ஓடலாம், நடக்கலாம், தவழக் கூடாது. நான் இரண்டாம் கட்சி.

மூன்றாவது கிலோமீட்டர் தாண்டி கயாக் மனிதர் நடந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் கட்டைவிரலை உயர்த்தினார். "முட்டி. போங்க போங்க" என்றார். கடந்து போனேன். பாதை போய்த் திரும்பும் பாதை என்பதால் எதிர்வரிசை முழுக்கத் தெரிந்தது: வேகமானவர்கள் யாரையும் பார்க்காமல் போனார்கள், நடுவில் இருந்தவர்கள் எண்ணைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கடைசியில் வந்தவர்கள் கதை பேசிக்கொண்டே வந்தார்கள். அக்காவை எதிரில் காணோம். முன்னாலேயே முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முடிவுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் சீரான காலடிச் சத்தம். தோளை ஒருவர் தட்டிவிட்டுக் கடந்தார். கெண்டைக்காலில் 61.

"சைக்கிள்ல டியூப் போச்சும்மா, மாத்திட்டு வரேன்!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

முயன்று பார்த்தேன், பிடிக்க முடியவில்லை.

முடித்த பிறகு உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. கடைசி ஆள் சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டத்துக்குப் போகும்வரை அந்தப் பகுதியை அடைத்து வைத்திருப்பார்கள். அதனால் முடிவுக்கோட்டருகே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கைதட்டினோம். கயாக் மனிதர் வந்தபோது அவரைவிட நான்தான் அதிகம் கத்தினேன்.

மாலையில் பட்டியல் வந்தது. ஐந்து பத்திகள்: நீச்சல், முதல் மாற்றம், சைக்கிள், இரண்டாம் மாற்றம், ஓட்டம். கயாக்கில் தொங்கிய நேரம் நீச்சலுக்குள் அடக்கம், தனியாக யாரும் குறித்துவைக்கவில்லை. அப்படியும் நீச்சலில் எனக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஓட்டம் நான் நினைத்ததைவிட மேல். இரண்டாம் மாற்றத்தில் மட்டும் மொத்தப் பட்டியலிலும் கடைசிக்கு முந்தின இடம். காரணம் முழுக்க ஷூ நாடா. கட்டவே தேவையில்லாத, இழுத்தால் விரிகிற ரப்பர் நாடா இருக்கிறதாம், அக்கா சொன்னார். வாங்கிவிட்டேன்.